உள்ளே இருப்போர் பட்டியல்

அந்தக் கணினி சரியாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் என் பக்கத்து நியாயங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, கையெழுத்து எங்கேயாவது மறைந்துபோகும்.

சவூதியில், தம்மாமிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் கடலோரம் இருந்த ரசாயன ஆலை அது. ஷட்டவுன் காலம். வருடக்கணக்காக நிற்காமல் ஓடும் ஆலையை ஒன்றரை மாதம் நிறுத்தி, குழாய்களைத் திறந்து, துருவைச் சுரண்டி, பழுதானதை மாற்றி மறுபடி ஓடவிடுவார்கள். வழக்கமாக வேலை செய்பவர்களைப்போல் நான்கைந்து மடங்கு ஒப்பந்த ஆட்கள் அந்த நாட்களில் உள்ளே வருவார்கள். நான் அவர்களோடு வந்தவன், ஆனால் வெயிலில் நிற்காதவன். மெயின் கேட்டை ஒட்டிய போர்ட்டாகேபின் என்ற தகர அறையில் எனக்கு ஒரு நாற்காலியும் ஏசியும் இருந்தன. கேட் கணினியைப் பார்த்துக்கொள்வதுதான் என் டூட்டி.

அந்தக் கணினியின் வேலை எளிமையானது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் கேட்டில் அட்டையைத் தட்டவேண்டும். வெளியே வரும்போதும் தட்டவேண்டும். ஆபத்து மணி அடித்தால் எல்லோரும் ஓடிவந்து கூடுவதற்கு இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று எங்கள் கேபினுக்கு எதிரே, இன்னொன்று ஆலையின் வடக்கு மூலையில். அங்கேயும் அட்டை தட்டும் கருவிகள் உண்டு. உள்ளே போனவர்களில் வெளியே வந்தவர்களையும் கூடுமிடத்தில் தட்டியவர்களையும் கழித்தால் மீதி யாரோ அவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மீதியைப் பெயரோடும், அன்று காலை அவர்கள் வேலைக்கு அனுமதி வாங்கிய இடத்தோடும் திரையில் காட்டவேண்டும். அதை நம்பித்தான் மீட்புக் குழு உள்ளே போகும்.

ஷட்டவுன் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் கணினி மக்கர் செய்ய ஆரம்பித்தது. மெய்நிகர் நினைவகம் போதவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வரும், பிறகு கேட் நிரல் தானாக மூடிக்கொள்ளும். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை. ஒருவர் அட்டை தட்டியதும் காவலரின் திரையில் அவருடைய புகைப்படம் தெரியும். அதைக் காட்டுவதற்கென்று தனியாக ஒரு சிறிய நிரல் இருந்தது. அது ஒவ்வொரு முகத்தையும் நினைவகத்தில் ஏற்றும், காட்டிய பிறகு இறக்காது. ஆட்கள் குறைவாக இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஆயிரக்கணக்கான முகங்கள் காலையும் மாலையும் ஏறிக்கொண்டே இருந்தன.

ஓடுகிற நிரல்களின் தரவு எல்லாம் ரேமில் இருந்தால்தான் கணினியால் அதைத் தொடமுடியும். ரேம் வேகமானது, ஆனால் கொஞ்சம்தான் இருக்கும். ஆனாலும் ஒரு நிரல் இடம் கேட்டால் இயங்குதளம் சட்டென்று இல்லை என்று சொல்லாது. இந்தா என்று ஒரு முகவரியைக் கொடுத்துவிடும். அந்த முகவரிக்குப் பின்னால் நிஜமான ரேம் இருக்கிறதா, அல்லது ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கிவைத்த ஒரு கோப்பு இருக்கிறதா என்பது நிரலுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கோப்புக்குப் பேஜ் ஃபைல் என்று பெயர். கொஞ்ச நேரமாக யாரும் தொடாத தரவை இயங்குதளம் துண்டு துண்டாக அங்கே தள்ளிவிடும். மறுபடி தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரும், அதற்கு இடம் செய்ய வேறொன்றைத் தள்ளும். பெரும்பாலான நாட்களில் இந்த ஏற்பாடு அருமையாக நடக்கும். ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்து நிரம்பினால்தான் அந்த எச்சரிக்கைப் பெட்டி வரும்.

செய்யவேண்டியது இரண்டு. நிரலை எழுதிய நிறுவனத்திடம் சொல்லித் திருத்தவேண்டும், ரேமைக் கூட்டவேண்டும். இரண்டுக்கும் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. பாதுகாப்பு அதிகாரி தினமும் கேபினுக்குள் தலையை நீட்டி, "இன்னைக்காச்சும் நிக்காம ஓடுமுங்களா?" என்று கேட்பார். கோயம்புத்தூர்க்காரர். கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்து பேஜ் ஃபைலின் அளவை நான்கு மடங்காக ஆக்கினேன். எச்சரிக்கைப் பெட்டி அதற்குப்பின் வரவே இல்லை. பதிவேட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன்.

ஆனால் அந்தக் கணினியில் இருந்தது பழைய காலத்துச் சுழலும் ஹார்ட் டிஸ்க். ரேமோடு ஒப்பிட்டால் அதன் வேகத்தை வேகம் என்றே சொல்லமுடியாது. நான் செய்தது நோய்க்கு மருந்து அல்ல, காய்ச்சல்மானியை உடைத்துப் போட்டது. அது எனக்கே தெரிந்திருந்ததால்தான் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணினியை ஒருமுறை அணைத்துப் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். சேர்ந்த முகங்கள் அத்தனையும் போய், எல்லாம் புதிதாகத் தொடங்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. எழுதியும் வைக்கவில்லை.

பிறகு இக்காமாவை, அதாவது குடியிருப்பு அனுமதியை, புதுப்பிக்கும் வேலையாக இரண்டு நாள் தம்மாம் போனேன். மூன்றாம் நாள் காலை பத்து மணி சுமாருக்குத் திரும்பி வந்தேன். பையை மேசைக்கடியில் வைத்துவிட்டு டீ ஊற்றிக்கொள்ள எழுந்தபோது மணி அடித்தது.

ஏறி இறங்கி ஊளையிடும் அந்த ஒலி விஷவாயுக் கசிவுக்கானது. ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கு அந்த வாடையை உணர்வதை நிறுத்திவிடும். பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித்தருவது அதுதான்: வாடை நின்றுவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதே, ஓடு.

ஜன்னலுக்கு வெளியே நீலமும் ஆரஞ்சுமாகச் சீருடைகள் வர ஆரம்பித்தன. முதலில் நடந்து வந்தார்கள், பிறகு ஓடி வந்தார்கள். கருவியின் முன்னால் கூட்டம் சேர்ந்தது. பீப், பீப், பீப் என்று அட்டைகள் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. என் பக்கத்தில் இந்தி பேசும் காவலர் பட்டியலைக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.

"பாய், கம்ப்யூட்டர் ஹேங்," என்றார்.

ஹேங் இல்லை. ஹேங் ஆகியிருந்தால்கூட எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும். ஹார்ட் டிஸ்கின் சிவப்பு விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று அரைக்கிற சத்தம். கணினி மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது, ஆனால் பட்டியலுக்காக அல்ல. பட்டியலுக்கு வேண்டிய ஒரு துண்டை டிஸ்கிலிருந்து கொண்டுவரும், அதற்கு இடம் செய்ய இன்னொரு துண்டை வெளியே தள்ளும், அடுத்த கணமே தள்ளிய துண்டு தேவைப்படும், அதைக் கொண்டுவர முதலில் கொண்டுவந்ததைத் தள்ளும். மூன்று நாள் முகங்கள் ரேமை அடைத்துக்கொண்டிருக்க, இரண்டு கூடுமிடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் புது முகங்கள் வந்து ஏறிக்கொண்டிருந்தன.

பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். கையில் வாக்கி டாக்கி.

"லிஸ்ட் எங்கீங்க?"

"வந்துட்டிருக்கு சார்."

"வந்துட்டிருக்குன்னா எவ்வளவு நேரமுங்க? டீம் மாஸ்க் போட்டு நிக்குது. சிலிண்டர்ல அரை மணி நேரக் காத்துதான். எங்க போகணும், யாரைத் தேடணும்னு சொல்லாம உள்ள அனுப்ப முடியாது."

"ரீஸ்டார்ட் பண்ணு பாய்," என்றார் காவலர், இந்தியில். கை பொத்தானை நோக்கிப் போயிற்று. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இன்றுவரை அவரிடம் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அணைத்துப் போட்டால் முகங்கள் போய்விடும், உண்மைதான். ஆனால் கூடுமிடத்தில் தட்டிய அட்டைகளின் கணக்கும் அப்போது நினைவகத்தில்தான் இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் அந்த நிரல் அதை நிரந்தரமாக எழுதிவைக்கும். இந்த மந்தத்தில் கடைசியாக எப்போது எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை. பாதி பேஜ் ஃபைலில், அதாவது டிஸ்கில்தான் இருக்கிறது, பிறகென்ன என்று கேட்கலாம். டிஸ்கில் இருப்பதெல்லாம் சேமித்தது ஆகாது. எந்தத் துண்டு யாருடையது என்ற வரைபடம் ரேமில் இருக்கிறது. மின்சாரம் போனால் அந்த வரைபடம் போய்விடும், டிஸ்கில் கிடப்பது வெறும் குப்பை. கணினி எழுந்து வரப் பத்து நிமிடம். வந்ததும் வெளியே நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே இருப்பதாகக் காட்டும். எல்லோரையும் மறுபடி வரிசையில் நிறுத்தித் தட்டச்சொல்லவேண்டும்.

"அணைச்சா எல்லாரும் திரும்பத் தட்டணும் சார். இருபது நிமிஷம் போயிடும்."

"அணைக்காட்டி?"

"அந்த போட்டோ புரோகிராமை மட்டும் மூடிப் பாக்குறேன்."

ஓடும் நிரல்களைப் பட்டியலிட்டு, வேண்டாததை மூட உதவும் டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். அதுவும் ஒரு நிரல்தானே. அதற்கும் ரேமில் இடம் வேண்டும். அதுவும் அந்தக் கூட்டத்துக்குள் முண்டியடித்து வரவேண்டும். திரை அப்படியே இருந்தது. இன்னொரு முறை அழுத்தக் கை துடித்தது. அழுத்தினால் அது இன்னொரு கோரிக்கையாக வரிசையில் போய் நிற்கும். கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

கதவு திறந்தது. சாரக்கட்டு ஃபோர்மேன், அரியலூர்ப் பக்கத்துக்காரர். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சார், என் க்ரூப்ல ஒருத்தன் கொறையுறான். நாலு தடவ எண்ணிட்டேன். மேற்கு ஸ்டோர் பக்கம் பைப் எடுக்க அனுப்புனேன் சார். அவன் இன்னும் வரல."

அதிகாரி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். எனக்கு அவருடைய கணக்கு புரிந்தது. கையில் ஒரு பெயர் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது. திரையில் எதுவும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் குழுவை மேற்கே அனுப்பியிருப்பேன்.

"ஒரு ரெண்டு நிமிஷம் சார்," என்றேன்.

"ரெண்டு நிமிஷத்துல வருமுங்களா?"

"தெரியல சார். ஆனா அவர் வடக்குப் பக்கம் ஓடியிருக்கலாம்ல? அங்க கேளுங்க."

அவர் வடக்குக் கூடுமிடத்தைக் கூப்பிட்டார். அலைவரிசையில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரபியும் ஆங்கிலமும் இந்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரின் சட்டம் மட்டும் திரையில் வந்தது. வெள்ளையாக, உள்ளே எழுத்தே இல்லாமல். பிறகு தலைப்பு. பிறகு ஒரு வரி. ஃபோர்மேன் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார், அவர் மூச்சு என் காதில் பட்டது. புகைப்பட நிரலின் பெயர் ஆறாவதாக வந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன். அம்பு நகர்ந்து, நின்று, தாவியது.

இன்னொரு பயமும் இருந்தது. சோதனை ஓட்டத்தின்போது ஒருமுறை புகைப்பட நிரலை மூடியதும் கேட் நிரலும் சேர்ந்து மூடிக்கொண்டது. இன்னொருமுறை மூடவில்லை. ஏன் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. இப்போதும் அப்படி ஆனால் அணைத்துப் போட்டதற்குச் சமம்தான், காத்திருந்த நேரமும் சேர்ந்து வீண்.

அதை அவர்களிடம் சொல்லாமல் அழுத்தினேன்.

கரகரப்பு நிற்கவில்லை. பத்து விநாடி இருக்கும். பிறகு காவலரின் திரையிலிருந்த கடைசி முகம், யாரோ ஒரு மீசைக்காரருடையது, மறைந்தது. சிவப்பு விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்தது. கேட் நிரல் மூடவில்லை. காவலர் எப்போதோ அழுத்திய பொத்தானுக்கு இப்போது பதில் வந்தது. ஒரு பட்டியல், அதற்குமேல் இன்னொன்று, அவர் அழுத்திய அத்தனை முறைக்கும். முதலாவதில் முந்நூறு பெயர் இருந்திருக்கும். கடைசியாக வந்ததில் இரண்டு.

முதல் பெயரைக் காவலர் ஜன்னல் வழியாகக் கத்தினார். வெளியே ஒரு வெல்டர் கையைத் தூக்கினார். அட்டையை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். இரண்டாவது பெயரை ஃபோர்மேன் படித்தார்.

"இது என் ஆளு இல்லயே சார். இவன் டேங்க் க்ரூப்பு, பிளாஸ்டிங் வேலை. சிவகங்கைப் பையன்."

அவருடைய ஆள் பட்டியலில் இல்லை. வடக்குப் பக்கம் தட்டியிருந்தார். சிவகங்கைக்காரரின் பெயருக்கு நேரே இடம் இருந்தது: கிழக்குக் கோபுரம், நான்காவது தட்டு.

"காலைல டேங்க்லருந்து கோபுரத்துக்கு எரவலா அனுப்பிருக்காங்க. டேங்க் ஃபோர்மேன் அவன் கோபுரத்துல எண்ணியிருப்பாங்கன்னு விட்டுருப்பான். கோபுரத்துக்காரன்..." அவர் முடிக்கவில்லை. அதிகாரி ஏற்கெனவே வெளியே ஓடிக்கொண்டிருந்தார். "ஈஸ்ட் டவர், லெவல் ஃபோர், ஒன் பெர்சன்" என்று அவர் சொல்வது திறந்த கதவு வழியாகக் கேட்டது.

மணல் போன்ற துகளைக் காற்றழுத்தத்தில் அடித்து இரும்பின் துருவை எடுப்பதுதான் பிளாஸ்டிங். அதைச் செய்பவர் தலை முழுவதையும் மூடும் ஒரு முகமூடி போட்டிருப்பார். கீழே ஓடும் கம்பிரசரிலிருந்து ஒரு குழாய் அதற்குள் காற்று கொடுக்கும். உள்ளே அவருக்கு வேறெந்தச் சத்தமும் கேட்காது. கீழே அவருக்குத் துணையாக நின்றவர் நடுத்தர வயது நேபாளி. மணி அடித்ததும், அது விஷவாயுவை இழுத்து அனுப்பிவிடக் கூடாது என்ற விதிப்படி கம்பிரசரை நிறுத்தி, குழாயை இரண்டு முறை இழுத்துச் சமிக்ஞை கொடுத்துவிட்டு வடக்கே ஓடியிருக்கிறார். மேலே இருந்தவர் பின்னால் வருகிறார் என்று நினைத்திருக்கிறார். வடக்குக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

சிவகங்கைக்காரரைத் தூக்கிவந்தபோது நான் கேபின் வாசலில் நின்றிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க முயன்றேன், தூரத்தில் தெரியவில்லை. மதியம் மூன்று மணிக்குத்தான் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. கண்விழித்துவிட்டார், பேசுகிறார். கேபின் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு அழுதேன்.

விசாரணைக்கு முன்னால் என் மேலாளர் போன் செய்தார். "மெஷின் பழசு, ஹார்டுவேர் ஃபெயிலியர். அவ்வளவுதான் சொல்லணும். பேஜ் ஃபைல் அது இதுன்னு நீங்களா எதையும் கிளறாதீங்க. நல்லபடியாத்தான முடிஞ்சிருக்கு, கலாஸ், அதோட விடுங்க."

சரி சார் என்றுதான் சொன்னேன். அறைக்குள் போனபோதும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். ஆலையின் பொறியாளர், சவூதிக்காரர், என்னைவிட இளையவர், பதிவேட்டைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டி, எதைச் சரிசெய்தாய் என்று அமைதியாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஹார்டுவேர் என்று பதில் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் அணைத்துப் போட்டதையும், அதை யாரிடமும் சொல்லாமல் தம்மாம் போனதையும். நான் அளவைக் கூட்டாமல் விட்டிருந்தால் ஏதாவது ஒரு சாதாரண நாளில் நிரல் நின்றிருக்கும், எல்லோரும் திட்டியிருப்பார்கள், ரேம் வந்திருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மறுநாளே புதுக் கணினி வந்து இறங்கியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஷட்டவுன் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது துபாயில், தேராவில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

சவூதியை விட்டு வருவதற்கு முன் ஒருநாள் சாயங்காலம் தொழிலாளர் கேம்ப்புக்குப் போய் அந்தச் சிவகங்கைக்காரரைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்துவிட்டார்.

"காத்து நின்னுபோச்சுண்ணே. கம்பிரசர் ரிப்பேருன்னு நெனச்சேன். மாஸ்க்கைக் கழட்டுனேன், முட்ட நாத்தம். எறங்கத்தான் வந்தேன். மூணாவது தட்டுல காலு மடங்கிருச்சு. அப்புறம் தெரியாது."

பட்டியல் ஏன் தாமதமானது என்று கேட்டார். அந்த அறையில் எட்டுக் கட்டில். பகல் ஷிஃப்ட்டுக்கு எட்டுப் பேர், இரவு ஷிஃப்ட்டுக்கு எட்டுப் பேர். அதை வைத்தே சொன்னேன். இவர் வேலைக்குப் போனால் அவர் படுப்பார், அதனால் பதினாறு பேருக்கும் கட்டில் இருப்பதுபோல் ஓடுகிறது. ஒருநாள் இரண்டு ஷிஃப்ட்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், ஒருவர் படுக்க இன்னொருவரை எழுப்பவேண்டும், எழுந்தவர் படுக்க வேறொருவரை. யாரும் தூங்கமுடியாது.

அவர் யோசித்தார். "அப்ப எம்பேரு அந்நேரம் எங்க இருந்துச்சு?"

"வெளியில. வராண்டாவுல."

லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் கையெழுத்துப் போட்டதைச் சொல்லிவிட்டேன். அவர் ஊசியை நூலோடு சட்டையில் குத்திவைத்தார்.

"இத எதுக்குண்ணே எங்கிட்ட சொல்றீங்க?" என்றார். கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

இரவு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் இருவர் குளித்துவிட்டுத் துண்டோடு உள்ளே வந்தார்கள். நான் கட்டிலிலிருந்து எழுந்து அவர்களுக்கு வழிவிட்டேன்.